மாயக்காள் வண்டி
அத்தியாயம் 14: சர்வேயர் வந்த நாள்

சோலையம்மாளுக்கு அன்று காலையில் பூப் பறிக்கக் கை ஓடவில்லை. அவனியாபுரத்துக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய குத்தகைத் தோட்டத்தில் பங்குனி மல்லிகை கொத்துக் கொத்தாக மொட்டு விட்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் மடி நிரம்பியிருக்கும். இன்றைக்கு முதல் செடியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இன்றைக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். சோலையம்மாளின் புருஷன் காளை தோட்டக்காரர். காளையின் தம்பி நல்லகாமன் டாக்சிக்காரன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நல்லகாமன் மாயக்காளைக் கட்டியபோது அவளுடைய அண்ணன் வெள்ளைத்துரை சீராகக் கொடுத்தது அந்த டாக்சி. அறுபத்தெட்டு மாடல் அம்பாசடர்; பதினாலு வயசாகிவிட்டது. அது வில்லாபுரம் புளியமரத்தில் மோதி மூக்கு நசுங்கிக் கிடக்கிறது. நல்லகாமனுக்கு இடது கையில் மாவுக்கட்டு.

இன்சூரன்ஸ் இருக்கிறது. எஃப்.சி.தான் இல்லை. டாக்சி ஓட வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு தரம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஓடத் தகுதியான வண்டிதான் என்று எஃப்.சி. வாங்கியாக வேண்டும். பழைய எஃப்.சி. மாசிக் கடைசியோடு முடிந்துவிட்டது. வண்டி மோதியது பங்குனி பிறந்த பிறகு. எஃப்.சி. இல்லாத வண்டிக்குக் கம்பெனி பணம் தருமா என்பதுதான் இப்போது வீட்டையே அழுத்திக்கொண்டிருக்கிற கேள்வி. தராவிட்டால் நல்லகாமன் காலத்துக்கும் அடுத்தவன் வண்டியில் ஆக்டிங் ஓட்ட வேண்டியதுதான்.

புது எஃப்.சி. ஏன் வாங்காமல் போனது என்பது, சோலையம்மாளுக்குத் தெரிந்தவரை, இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவள் தம்பி சின்னான்.

எல்லாம் சிவராத்திரியில் ஆரம்பித்தது. அவர்கள் வகையறாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம். சிவராத்திரியை ஒட்டி வரும் மாசிப்பச்சைத் திருவிழாவில் சாமி நகைப் பெட்டியைப் பங்காளிகள் தலையில் சுமந்து நடப்பார்கள். வீட்டுக்கு வந்த மருமகள்கள் கோயில் வாசலில் கூடுவார்கள். புது மருமகளுக்கு முதல் சிவராத்திரி என்றால் அவள் பிறந்த வீட்டுக் கிடா வரும். யார் வீட்டுக் கிடா எப்படி வந்தது என்று அடுத்த சிவராத்திரி வரைக்கும் பேச்சிருக்கும்.

சோலையம்மாளின் முதல் சிவராத்திரிக்கு சின்னான் கிடாயை சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தான். செயின் கழன்று, கடைசி ஒரு மைல் கிடா நடந்தது, சைக்கிளை சின்னான் தூக்கிக்கொண்டு வந்தான். பங்காளி வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பத்து வருஷமாகியும் சிரிப்பு ஓயவில்லை.

இந்த மாசியில் மாயக்காளுக்கு முதல் சிவராத்திரி. மஞ்சள் கூரை டாக்சியில், முன்னால் அண்ணன் வெள்ளைத்துரை உட்கார்ந்துவர, டிக்கியில் கிடாயோடு, பட்டுச் சேலை கசங்காமல் அவள் கோயில் வாசலில் இறங்குவாள். அதை நினைத்தாலே சோலையம்மாளுக்கு வயிறு எரிந்தது. எஃப்.சி. வேலைக்காக வண்டி சின்னான் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது அவள் போய்ச் சொன்னாள்: "சிவராத்திரி முடியட்டும்டா. அதுவரைக்கும் அதைத் தொடாத."

சின்னான் தொடவில்லை. நல்லகாமன் கேட்டபோதெல்லாம் பெயிண்ட் வரவில்லை, பிரேக் சாமான் வரவில்லை என்று சாக்குச் சொன்னான். மாயக்காள் பஸ்ஸில் வந்து இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, சோலையம்மாளுக்குப் பின்னால் நடந்து கோயிலுக்கு வந்தாள். அன்றைக்கு சோலையம்மாள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

பிறகு சின்னான் மெதுவாகப் பெயிண்டில் கை வைப்பதற்குள் எஃப்.சி. முடிந்தது. அப்புறம் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், இதே தோட்டத்தில், சோலையம்மாளின் எட்டு வயசு மகள் அழகம்மாளை விரியன் கடித்தது. நல்லகாமன் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினான். பாதி பெயிண்ட் அடித்த வண்டியைக் கிளப்பி, பிள்ளையையும் சோலையம்மாளையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தான். பிள்ளை பிழைத்தாள். பூ மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரத் திரும்பிய வழியில்தான், விளக்கில்லாத மாட்டு வண்டிக்கு ஒதுங்கி, புளியமரத்தில் மோதினான்.

இதெல்லாம் சோலையம்மாளுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் பொறாமைக்கு நன்றி தெரியாது போலிருக்கிறது. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாயக்காள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வண்டி போச்சே தாயி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது, கடிபட்டது என் பிள்ளையா இவள் வண்டியா என்று அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

இன்று காலை பாதி மடிப் பூவோடு தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது வேறொன்று காத்திருந்தது. அழகம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, மாயக்காள் அவளுக்குத் தலை சீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"குடு, நான் சீவுறேன்" என்று சோலையம்மாள் சீப்புக்குக் கை நீட்டினாள்.

"வேணாம். சித்திதான் வலிக்காமச் சீவும்" என்றாள் அழகம்மாள்.

பெற்ற பிள்ளை வாயிலிருந்து இப்படி ஒரு சொல். மாயக்காள் சடையில் ரிப்பன் வைத்து முடிந்தாள். அந்தப் பொறுமையைப் பார்க்கத்தான் சோலையம்மாளுக்கு ஆகாது. சண்டைக்கு வந்தாலாவது ஒரு கை பார்க்கலாம்.

காளை பூக்கூடையை சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "சோல, நான் மார்க்கெட்டுக்குப் போறேன். நீ ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு எட்டுப் போய் நில்லு. தம்பி கோவக்காரன். சர்வேயர்கிட்ட ஏதாவது பேசிறப் போறான். அந்தப் பிள்ளை மாயக்கா மட்டும் போனா நல்லாருக்காது."

'அந்தப் பிள்ளை'! கட்டின புருஷனும் அந்தப் பக்கம்தான்.

"போறேன், போறேன்" என்று முனகிக்கொண்டே, மற்றவர்களுக்கு முன்னால் போய்விட வேண்டுமென்று குறுக்குச் சந்தில் நடந்தாள்.

சின்னான் ஒர்க்‌ஷாப் இரண்டு தெரு தள்ளி, ஓலைக் கொட்டகை. டாக்சி வாசலிலேயே நின்றது. பானெட் மடங்கி, ரேடியேட்டர் உள்ளே போய், இடது பக்க மட்கார்டு டயரில் ஒட்டிக் கிடந்தது.

"டேய், எம் பேரு வரக் கூடாது" என்றாள்.

"வராதுக்கா. வண்டி ரெடியாத்தான் இருந்துச்சு, மச்சாந்தான் எடுக்க வரலைன்னு சொல்லிர்றேன். ஒனக்கும் கெட்ட பேரில்ல, எங்கடைக்கும் கெட்ட பேரில்ல."

"அப்படிச் சொன்னா நல்லகாமன் தம்பிக்குப் பணம் வருமா?"

சின்னான் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். "அது அவுக பாடு."

சோலையம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது சரி என்று சொன்னதுக்குச் சமம் என்று அவளுக்கே தெரியும்.

சர்வேயர் ராமதாஸ் தெற்குவாசல்காரர். பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து மோட்டார் படித்தவர். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கீழே குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். நல்லகாமன் மாவுக்கட்டுக் கையோடு அவர் பின்னாலேயே நடந்தான். மாயக்காள் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றாள். அவள் தலையில் இருந்தது சோலையம்மாள் பறித்த மல்லிகை.

ராமதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"நல்லகாமன், வெளிப்படையாச் சொல்லிடுறேன். எஃப்.சி. இல்லாத வண்டி ரோட்டுல வந்ததே தப்புன்னு கம்பெனி சொல்லும். பாம்புக்கடிக்கு எடுத்தீங்க, ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு. அதை நான் எழுதுவேன். ஆனா எஃப்.சி. ஏன் வாங்கலைன்னு கேப்பாங்களே?"

"மாசி பொறந்ததுமே வண்டிய இங்கன விட்டுட்டேன் சார். வேலை முடியல."

"பெயிண்டும் பிரேக்கும்தானே? அதுக்கு ஒரு மாசமா?" ராமதாஸ் சின்னானைப் பார்த்தார். "ஓனர் அசட்டையா விட்டிருந்தா ஒண்ணும் கிடைக்காது. ஒர்க்‌ஷாப்ல தாமதம்னா கொஞ்சம் குறைச்சாவது கொடுக்கச் சொல்லி எழுத எனக்கு இடமிருக்கு. நீ சொல்லுப்பா. வண்டி எப்ப ரெடியாச்சு?"

"எப்பவோ ரெடி சார். இவுகதான் எடுக்க வரல" என்றான் சின்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மாப்ள!" நல்லகாமன் கத்திய கத்தலில் கொட்டகைக்குள் தட்டுகிற சத்தமெல்லாம் நின்றது. "எம்புட்டுத் தடவ வந்து நின்னேன்? பெயிண்ட் வரலேன்னு நீ சொல்லல? எம் மொகத்தப் பாத்துச் சொல்லுடா!"

சின்னான் நிமிரவில்லை. ராமதாஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ சொல்றதைத்தான்பா நான் எழுத முடியும்" என்று பேனாவைத் தாளில் வைத்தார்.

சோலையம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கொழுந்தன் முகம் செத்துப்போனதைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. அழுகைகூட வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால் மாயக்காள் முன்னால் தலை குனிய வேண்டுமே!

அப்போதுதான் மாயக்காள் தூணை விட்டு நகர்ந்து வந்தாள்.

"விடுங்க. எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? கம்பெனி குடுக்காட்டிப் போகுது" என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு சோலையம்மாளைப் பார்த்துத் திரும்பி, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "எங்க அண்ணன் சேதி சொல்லிவிட்டிருக்குக்கா. இந்தப் பழசு எதுக்கு, தூக்கிப் போடுங்க, புது வண்டியே எடுத்துத் தர்றேன்னு. சித்திரையில அழகர் ஆத்துல எறங்குறப்ப நாம எல்லாம் புது வண்டியிலதான் போகணுமாம்."

புது வண்டி.

பதினாலு வயசு வண்டிக்கே சோலையம்மாள் இந்தப் பாடுபட்டாள். இப்போது கண்ணாடி மாதிரிப் புது வண்டி வாசலில் வந்து நிற்குமாம். தெருவே கூடி வேடிக்கை பார்க்குமாம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, அந்த வெள்ளைத்துரை மீசையைத் தடவிக்கொண்டு நிற்பானாம். அடுத்த சிவராத்திரிக்கு அதில் ஏறிக் கோயிலுக்குப் போவாளாம். சின்னான் சைக்கிளோ அப்போதும் செயின் கழன்றுதான் கிடக்கும்! இதற்கு இந்தப் பழைய வண்டியே தேவலை. ஒட்டுப்போட்டு, தட்டி நிமிர்த்தி, புகை கக்கிக்கொண்டு இதுவே ஓடட்டும். தட்டி நிமிர்த்துவது என் தம்பியாகவும் இருக்கட்டும்.

"பொய்யி சார்!"

அவள் குரல்தான். அவளே திடுக்கிட்டாள்.

"அக்கா" என்று சின்னான் பல்லைக் கடித்தான்.

"சும்மா இருடா. சார், இவன் சொல்றது பொய்யி. வண்டி ரெடியாகவே இல்ல. நல்லகாமன் தம்பி நடையா நடந்துச்சு. சிவராத்திரி வரைக்கும் வண்டியத் தொடாதன்னு நாந்தான் இவங்கிட்டச் சொன்னேன். தாமதம் இவனாலதான். கம்பெனியக் குடுக்கச் சொல்லுங்க. இதே வண்டிய ரிப்பேர் பாக்கச் சொல்லுங்க."

ராமதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

அவசரத்தில் கிணற்றில் குதித்தாயிற்று. இப்போதுதான் ஆழம் தெரிந்தது. நல்லகாமன் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகைக்குள் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னானின் கையாள் கருத்தக்கண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோயிலுக்கு இவ கார்ல வந்து எறங்கக் கூடாதுன்னுதான்" என்றாள் சோலையம்மாள். சொல்லி முடித்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ராமதாஸ் தாளைப் பார்த்தார். அவர் வீட்டிலும் இரண்டு மருமகள்கள் இருக்கிறார்களோ என்னவோ, முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"'ஒர்க்‌ஷாப் தாமதம்'னு எழுதிக்கிறேன். இதுக்கு மேல கம்பெனிக்குத் தேவையில்லை" என்றார். "கையெழுத்துப் போடுறியாப்பா?"

சின்னான் அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போட்டான்.

"நான் எழுதத்தான் முடியும் நல்லகாமன். கொடுக்கிறதும் விடுறதும் ஆபீஸ்காரங்க. நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு ராமதாஸ் ஸ்கூட்டரை உதைத்தார்.

நல்லகாமன் அவரை வழியனுப்பப் போகவில்லை. வண்டியின் நசுங்கிய பானெட்டில் நல்ல கையை ஊன்றி நின்றான். கத்துவான், கையை ஓங்குவான் என்று சோலையம்மாள் பயந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"மதினி, அழகம்மா கடிபட்டுக் கெடந்தப்ப, எஃப்.சி. இருக்கா இல்லையான்னு நான் யோசிச்சேனா?"

அவ்வளவுதான் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டான்.

சோலையம்மாளும் மாயக்காளும் வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் கொளுத்தியது. ஓரகத்திகள் இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரமாக நடந்தார்கள். சந்து திரும்பும் இடத்தில் சோலையம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அதான் எல்லாஞ் சொல்லிட்டேன்ல. பழைய வண்டியே ஓடட்டும். ஒங்க அண்ணங்கிட்டப் புதுசு வேணாம்னு சொல்லிரு."

மாயக்காள் நின்றாள்.

"எங்க அண்ணன் ஒண்ணுஞ் சொல்லிவிடலக்கா. அதுக்கே இந்த வருசம் வெள்ளாமை இல்ல. புது வண்டிக்கு எங்க போகும்?"

சோலையம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. "பின்ன என்னத்துக்குடி அப்படிச் சொன்ன?"

"வேற எதைச் சொல்லியிருந்தாலும் நீங்க வாயத் தொறந்திருக்க மாட்டீங்களே."

தெருக்குழாயில் யாரோ குடத்தைச் சாய்க்கும் சத்தம் கேட்டது.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"சிவராத்திரிக்கு மொத நாளு வண்டியப் பாக்க நானே போனேன். தார்ப்பாயி போட்டு மூடி, மேல கோழி ஒக்காந்திருந்துச்சு. சின்னான் பொண்டாட்டி தங்கப்பொண்ணுதான், 'ஒங்க அக்காதானே தொடாதன்னு சொன்னாக'ன்னு எங்கிட்ட ஒளறிருச்சு." மாயக்காள் குரல் இப்போதுதான் லேசாக நடுங்கியது. "இவுககிட்ட சொல்லல. சொன்னா அண்ணன் தம்பி அன்னைக்கே பிரிஞ்சிருப்பாக. அதான் பஸ்ல வந்து எறங்கி ஒங்க பின்னாடியே நடந்தேன். நீங்க திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

பத்து வருஷமாக மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பைத்தான் அன்றைக்கு இவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம் என்று அப்போதுதான் சோலையம்மாளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. அதே மூச்சில், மன்னிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிற இடத்திலும் இவள்தானே மேலே நிற்கிறாள் என்று மனசு குறுக்கே பேசியது. பாழாய்ப்போன மனசு.

வீட்டில் காளை மார்க்கெட்டிலிருந்து திரும்பி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு சர்வேயர்? தம்பி எங்க?"

காளை மனைவி முகத்தைப் பார்த்தார். மாயக்காள் முகத்தைப் பார்த்தார். மறுபடி மனைவி முகத்துக்கே வந்தார்.

உள்ளேயிருந்து அழகம்மாள் குரல் கொடுத்தாள். "சித்தி, ரிப்பன் அவுந்துபோச்சு. வந்து சீவி விடு."

மாயக்காள் கட்டிலுக்குப் போனாள். பிள்ளையின் கன்னத்தை வழித்து ஒரு முத்தம் கொடுத்தாள். மாடக்குழியிலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு வந்து சோலையம்மாள் கையில் வைத்தாள்.

"இனிமே ஒங்கம்மா சீவும் அழகு."

பிறகு அடுப்படிக்குள் போனாள். கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கித் தந்த பித்தளைப் பானையை எடுத்தாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், புழக்கடைப் பக்கம் பூக்கூடை அடுக்கி வைக்கிற சின்னக் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

சோலையம்மாள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். காலையில் எதைக் கேட்டாளோ அது இப்போது அவள் கையில் இருந்தது. சிக்கெடுக்கத் தெரியாத புதுக்காரி மாதிரி அந்தச் சின்னத் தலையில் சீப்பை வைத்தாள்.

கொட்டகையிலிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தனி அடுப்புக்கு மண் வெட்டுகிற சத்தம்.

"அம்மா, வலிக்குது" என்றாள் அழகம்மாள். பிறகு கழுத்தைத் திருப்பி, திறந்திருந்த பின்வாசல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக் கேட்டாள். "சித்தி எதுக்கும்மா அங்கன அடுப்புப் போடுது?"

வாசற்படியில் நின்ற காளையும் அந்தப் பதிலுக்காகத்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.